வீடு கட்ட நினைத்த அரசன்

தாவீது அரசனுக்குக் கிடைத்த வாக்குறுதியும், அது பொய்த்துவிட்டதாகத் தோன்றிய காலமும், கிறிஸ்தவர்கள் அதை இன்றும் நெஞ்சில் சுமக்கும் காரணமும்

திருமண மண்டப வாசலில் நின்று, "மாப்பிள்ளை வீடு வந்தாச்சு!" என்று யாராவது குரல் கொடுத்தால், ஒரு கட்டடம் நடந்து வந்துவிட்டதாக நாம் நினைப்பதில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நண்பர் சொன்னால், அவர் சுவரிடம் கேட்கப் போகிறார் என்று எண்ணுவதும் இல்லை. தமிழில் வீடு என்றால் செங்கல்லும் கூரையும் மட்டுமல்ல. அதற்குள் வாழும் மனிதர்களும்தான் வீடு.

எபிரேய மொழியிலும் அப்படித்தான். 'பாயித்' என்ற ஒரே சொல் குடியிருக்கும் வீட்டைக் குறிக்கும். அரண்மனையையும், கோயிலையும், ஒரு குடும்பத்தின் வம்சத்தையும்கூடக் குறிக்கும். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஆண்ட ஓர் அரசனுக்குக் கிடைத்த வாக்குறுதியை, இந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றியே பைபிள் சொல்கிறது. யூதர்களின் மேசியா நம்பிக்கைக்கும், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் நம் காதில் விழும் 'தாவீதின் குமாரன்' என்ற பெயருக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேதுரு அரண்மனையும் துணிக் கூடாரமும்

தாவீது அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். பெத்லகேம் என்ற சிற்றூரில் ஈசாய் என்பவரின் கடைசி மகன், ஆடு மேய்த்த பையன். சவுல் அரசனுக்கு அஞ்சிக் குகைகளில் ஒளிந்து வாழ்ந்த காலமும் அவருக்கு உண்டு. பின்னர் எபிரோனில் ஏழரை ஆண்டு, எருசலேமில் 33 ஆண்டு ஆட்சி செய்தார். தீரு நாட்டு அரசன் ஈராம் கேதுரு மரங்களையும் தச்சர்களையும் அனுப்பி, அவருக்கு ஓர் அரண்மனையே கட்டிக்கொடுத்தான்.

போர் ஓய்ந்த ஒரு நாளில் தாவீதின் மனம் உறுத்தியது. தான் இருப்பதோ மணக்கும் கேதுரு மர மாளிகை. இறைவனின் உடன்படிக்கைப் பெட்டி இருப்பதோ துணிக் கூடாரம். இறைவனுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற ஆசையை இறைவாக்கினர் நாத்தானிடம் சொன்னார். நல்ல எண்ணம்தானே! நாத்தானும் உடனே சம்மதித்துவிட்டார்.

அன்று இரவே நாத்தானுக்கு வேறு செய்தி வந்தது. இதுவரை கூடாரத்தில் மக்களோடு மக்களாக நடந்து வந்திருக்கிறேன், எனக்குக் கேதுரு மாளிகை வேண்டும் என்று யாரிடமாவது கேட்டேனா என்பது இறைவனின் கேள்வி. அடுத்து வந்தது எதிர்பாராத திருப்பம். நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நானே உனக்கு ஒரு வீட்டை உண்டாக்குவேன்!

இது சாமுவேலின் இரண்டாம் நூலில் ஏழாவது அதிகாரம். அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் எபிரேய மூலத்தில் 'வீடு' என்ற சொல் 15 முறை வருகிறது. தாவீது பேசிய வீடு கல்லாலும் மரத்தாலும் ஆனது. இறைவன் பேசிய வீடோ பிள்ளைகளாலும் பேரப்பிள்ளைகளாலும் ஆனது.

ஆடு மேய்த்தவருக்குப் பெரும்புகழ், மக்களுக்கு அமைதியான வாழ்விடம், அவருக்குப் பின் ஒரு மகன், அந்த மகன் கையால் ஒரு கோயில், என்றென்றும் நிலைக்கும் அரியணை என்று வாக்குறுதிகள் வரிசையாக வருகின்றன. நடுவில் ஓர் உறவும் சொல்லப்படுகிறது. அந்த மகனுக்கு இறைவன் தந்தையாக இருப்பார், அவன் இறைவனுக்கு மகனாக இருப்பான்.

தாவீது பதிலுக்கு எதையும் பேரம் பேசவில்லை. இறைவன் முன் போய் உட்கார்ந்து, இந்த அளவுக்குக் கொண்டுவர நான் யார், என் வீடு எம்மாத்திரம் என்று வியந்து நின்றதாகவே நூல் சொல்கிறது.

ஒப்பந்தம் வேறு, உடன்படிக்கை வேறு

வேலையில் சேரும்போது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், எந்தத் தவறு செய்தால் வேலை போகும் என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். ஒரு தரப்பு தவறினால் மறு தரப்புக்கு விடுதலை. ஒப்பந்தத்தின் இயல்பு அது.

தாவீதுக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதல்ல. அவருடைய மகன் தவறு செய்தால் மனிதர்கள் கைப்பிரம்பால் தண்டனை உண்டு. ஆனால் சவுலிடமிருந்து விலகியதுபோல் இறைவனின் இரக்கம் அவனைவிட்டு விலகாது. ஏழாவது அதிகாரத்தில் 'உடன்படிக்கை' என்ற சொல்லே இல்லை. பின்னால் தாவீதின் கடைசி மொழிகளிலும், 89ஆம் சங்கீதத்திலும்தான் இந்த வாக்குறுதி அப்பெயரால் அழைக்கப்படுகிறது.

அந்தக் காலத்து அரசியலிலும் இதற்கு நிகரான ஒன்று இருந்தது. இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசு, கி.மு. 13ஆம் நூற்றாண்டில் உல்மி-தேஷுப் என்ற சிற்றரசனுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி கிடைத்திருக்கிறது. உன் மகனோ பேரனோ குற்றம் செய்தால் விசாரித்துத் தண்டிப்போம், ஆனால் உன் வீட்டையும் நிலத்தையும் பறித்து வேறு வம்சத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். இத்தகைய அரச கொடைகளோடு தாவீதின் உடன்படிக்கையை ஒப்பிட்டு, இஸ்ரேலிய அறிஞர் மோஷே வைன்ஃபெல்ட் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் ஹிட்டைட் பேரரசன் தன்னைத் தந்தை என்று சொல்லிக்கொண்டு அந்த உறுதியைத் தரவில்லை. தாவீதின் வீட்டுக்குக் கிடைத்தது ஒரு தகப்பனின் வாக்கு. கண்டிப்பும் இருக்கும், கைவிடாத அன்பும் இருக்கும்.

அந்த வாக்கின் இரு பக்கங்களையும் தாவீது தம் வாழ்நாளிலேயே பார்த்தார். போர்முனையில் இருந்த உரியா என்ற வீரனின் மனைவி பத்சேபாளை அபகரித்தார். அதை மறைக்க உரியாவையே சாகக் கொடுத்தார். முன்பு வாக்குறுதியைச் சுமந்து வந்த அதே நாத்தான், இந்த முறை ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையோடு அரண்மனைக்குள் நுழைந்தார். கதையைக் கேட்டுக் கொதித்த அரசனிடம், அந்த மனிதன் நீர்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதன் பின் தாவீதின் குடும்பத்தில் நடந்தது துயரத்தின் மேல் துயரம். பெற்ற மகன் அப்சலோமே தந்தைக்கு எதிராகப் படை திரட்டினான். தண்டனை வந்தது. வாக்குறுதி மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அந்தப் பத்சேபாளுக்குப் பிறந்த சாலொமோன்தான் எருசலேமில் கோயிலைக் கட்டினார். அதற்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன.

மிஞ்சியது ஒரு குழந்தை

சாலொமோனுக்குப் பின் நாடு இரண்டாக உடைந்தது. வடக்கே பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோக, தெற்கே யூதா நாடு மட்டும் தாவீதின் வம்சத்திடம் நின்றது. அந்த வம்சத்தில் நல்லவர்களும் இருந்தார்கள், கொடியவர்களும் இருந்தார்கள். மோசமான அரசர்கள் சிலரைப் பற்றி எழுதும்போது, தாவீதுக்காக எருசலேமில் ஒரு விளக்கு அணையாமல் விடப்பட்டது என்று இராஜாக்களின் நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஒருமுறை அந்த விளக்கு அணையும் நிலைக்கே வந்தது. அரசன் அகசியா கொல்லப்பட்டதும், அவன் தாய் அத்தாலியாள் தானே அரியணை ஏற விரும்பி, அரச குடும்பத்துப் பிள்ளைகளைக் கொன்று தீர்த்தாள். அகசியாவின் சகோதரி யோசேபாள் மட்டும் யோவாஸ் என்ற கைக்குழந்தையை அவனுடைய தாதியோடு தூக்கிச்சென்று ஒளித்தாள். ஆறு ஆண்டுகள் அந்தக் குழந்தை கோயிலுக்குள்ளேயே மறைவாக வளர்ந்தது. தாவீது கட்ட ஆசைப்பட்ட கல் வீடு, இறைவன் கட்டிய உயிருள்ள வீட்டின் கடைசிக் கொழுந்துக்குத் தொட்டிலாக நின்றது. ஏழு வயதில் யோவாசுக்கு முடி சூட்டினார்கள்.

எண்ணெய்க் கணக்கில் ஓர் அரசன்

யோவாசுக்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் பாபிலோன் படை வந்தது. கி.மு. 597இல் 18 வயது அரசன் யோயாக்கீன் மூன்றே மாத ஆட்சிக்குப் பின் சிறைபிடிக்கப்பட்டான். அவனுக்குப் பதிலாக அவன் சிற்றப்பன் சிதேக்கியா அரசனாக்கப்பட்டான். கி.மு. 586ஆம் ஆண்டளவில் எருசலேம் வீழ்ந்தது. சிதேக்கியாவின் கண் முன்னே அவன் மகன்களை வெட்டினார்கள், பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். சாலொமோன் கட்டிய கோயில் எரிந்தது. தாவீதின் அரியணை காலியானது.

என்றென்றும் என்று சொன்ன வாக்குறுதி என்னவாயிற்று? இந்தக் கேள்வியைப் பைபிளே மறைக்கவில்லை. 89ஆம் சங்கீதம் முதலில் அந்த உடன்படிக்கையை நெடுநேரம் போற்றுகிறது. பாதிக்குமேல் சென்றதும் அதன் குரல் மாறிவிடுகிறது. கிரீடம் தரையில் கிடக்கிறதே, சத்தியம் செய்துகொடுத்த அந்தப் பழைய இரக்கம் எங்கே என்று இறைவனையே கேட்கிறது. துக்க வீட்டில் நின்று, "சாமி, உனக்குக் கண் இல்லையா?" என்று குமுறும் குரலுக்கு வேத நூலிலேயே இடம் இருக்கிறது.

யோயாக்கீனுக்கு என்ன நடந்தது? இதற்குச் சாட்சி பைபிளுக்கு வெளியிலும் கிடைத்தது. ஜெர்மானிய ஆய்வாளர் ராபர்ட் கோல்டெவேய் பாபிலோனில் நடத்திய அகழாய்வில், அரண்மனைப் பகுதியிலிருந்து களிமண் கணக்குப் பலகைகள் எடுக்கப்பட்டன. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் அவற்றை வாசித்து வெளியிட்டபோது, யூதா நாட்டு அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு அதில் இருந்தது! என்றென்றும் ஆளும் என்று சொல்லப்பட்ட வம்சம், எதிரி நாட்டுப் பண்டகசாலைக் குறிப்பில் படி வாங்கும் கைதிகளாக நிற்கிறது. ஆனால் அழிந்துபோகவில்லை. ஐந்து பிள்ளைகளோடு உயிரோடு இருக்கிறது.

தாவீதின் வம்சத்துக்கு இன்னொரு பழைய சாட்சியும் எதிரி எழுதிய கல்தான். வட இஸ்ரேலில் தெல் தான் என்ற மேட்டில் ஆவ்ராஹாம் பிரானின் குழு 1993இல் ஒரு கருங்கல் துண்டைக் கண்டெடுத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அராமேயக் கல்வெட்டில், ஓர் அராமிய அரசன் தன் வெற்றிகளைப் பறைசாற்றுகிறான். தான் வென்றவர்களின் பட்டியலில் அவன் சொல்லும் பெயர் 'பேத் தாவீத்', அதாவது தாவீதின் வீடு. தொடக்கத்தில் சிலர் இந்த வாசிப்பை மறுத்தாலும், இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அங்கும் அதே சொல்தான்: வீடு.

இராஜாக்களின் நூல் எப்படி முடிகிறது தெரியுமா? சிறைப்பட்டு 37 ஆண்டுகளுக்குப் பின், 55 வயதில் யோயாக்கீன் விடுவிக்கப்படுகிறான். கைதியின் உடையைக் கழற்றிவிட்டு, பாபிலோன் மன்னனின் பந்தியில் நாள்தோறும் உண்கிறான். முடி இல்லை, நாடு இல்லை. விளக்கின் திரி மட்டும் கருகாமல் இருக்கிறது.

வெட்டிய மரத்தில் ஒரு துளிர்

இறைவாக்கினர்கள் அந்தத் திரியைத்தான் நம்பினார்கள். வெட்டப்பட்ட ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் எழும் என்கிறது ஏசாயா நூல். தாவீதுக்கு நீதியான ஒரு கிளை முளைக்கும் என்கிறார் எரேமியா. விழுந்து கிடக்கும் தாவீதின் கூடாரம் மீண்டும் எடுப்பிக்கப்படும் என்கிறது ஆமோஸ் நூல்.

எரேமியா, யோயாக்கீனைப் பற்றிக் கடுமையாகவும் பேசியிருந்தார். அவன் இறைவனின் வலக்கை முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் கழற்றி எறியப்படுவான் என்றார். ஆனால் கி.மு. 520இல் ஆகாய் என்ற இறைவாக்கினர், அதே யோயாக்கீனின் பேரன் செருபாபேலைப் பார்த்து, இறைவன் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார் என்றார். தாத்தாவிடமிருந்து கழன்ற மோதிரம் பேரன் வழியாகத் திரும்ப வருகிறது! இந்தச் செருபாபேல்தான் எருசலேமுக்குத் திரும்பி, இடிந்த கோயிலை மறுபடியும் எழுப்ப முன்னின்றவர். ஆனாலும் அவர் பாரசீகப் பேரரசின் ஆளுநராகத்தான் இருந்தார், அரசராகவில்லை.

அன்றிலிருந்து யூத மக்கள் தாவீதின் வம்சத்து அரசருக்காகக் காத்திருந்தார்கள். பக்தியுள்ள யூதர்கள் அன்றாட வழிபாட்டில் தாவீதின் துளிருக்காக இன்றும் வேண்டுகிறார்கள். உலகில் போரும் அநீதியும் நீடிக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது அவர்களின் நியாயமான கேள்வி.

எரிகோ சாலையில் ஒரு குரல்

அந்த அரசர் வந்துவிட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. புதிய ஏற்பாட்டின் முதல் வரியே இயேசுவைத் தாவீதின் குமாரன் என்று அறிமுகம் செய்கிறது. சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்தவர்களும் இந்தப் பெயரில்தான் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

நம்மில் பலர் அவசரமாகப் புரட்டிவிடும் பக்கம் அது. பெயர், பெயர், பெயர் என்று நீளும் வம்ச அட்டவணை. மத்தேயு அதைப் பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக மூன்று பகுதியாகப் பிரிக்கிறார். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளைக் கூட்டினால் 4, 6, 4 என்று 14 வருகிறது. மத்தேயு அதை எண்ணித்தான் அப்படிப் பிரித்தார் என்பது பலரின் கருத்து.

அந்தப் பட்டியல் குடும்பத்தின் தழும்புகளை மறைப்பதில்லை. எண்ணெய்ப் படி வாங்கிய யோயாக்கீன் எகோனியா என்ற பெயரில் இருக்கிறார். சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் 'உரியாவின் மனைவி' என்றே மத்தேயு எழுதுகிறார். தாவீதின் பாவம் அந்த ஒரு சொல்லில் அப்படியே நிற்கிறது. வேற்றினப் பெண்ணான ரூத்தும் அங்கே இருக்கிறார். திருமணப் பேச்சில் நாம் எதையெல்லாம் மூடி மறைப்போமோ, அதையெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்த வம்ச அட்டவணை இது.

லூக்கா எழுதிய நற்செய்தியில், கன்னி மரியாளிடம் வரும் தூதன், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தையாகிய தாவீதின் அரியணை கொடுக்கப்படும், அவருடைய ஆட்சிக்கு முடிவில்லை என்கிறான். நாத்தான் கொண்டுவந்த பழைய வாக்குறுதியின் எதிரொலி அது. எரிகோ சாலையோரம் பிச்சையெடுத்த பர்திமேயு என்ற பார்வையற்றவர், "தாவீதின் மகனே" என்று கூவி அழைத்தார். சுற்றியிருந்தவர்கள் அதட்டியும் அவர் ஓயவில்லை. கண் இருந்தவர்களுக்கு முன்பே அவர் அரசரை அடையாளம் கண்டுகொண்டார்.

ஆனால் இந்த அரசருக்குக் கிடைத்த முடி முள்ளால் ஆனது. அரியணைக்குப் பதில் சிலுவை. மேலே எழுதி வைத்த 'யூதர்களின் அரசர்' என்ற பலகை ரோமானியர்களின் ஏளனம். அவர் உயிர்த்தெழுந்தார், ஆகவே அவர் ஆட்சிக்குச் சாவு முற்றுப்புள்ளி வைக்கவில்லை என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அந்த ஆட்சி தொடங்கிவிட்டது, முழுமையாக வெளிப்படும் நாள் இனிமேல்தான் என்பதே யூதர்களின் கேள்விக்கு அவர்கள் தரும் பதில்.

மகன்களும் மகள்களும்

கி.பி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் கூடி ஒரு சிக்கலை விவாதித்தார்கள். யூதர் அல்லாதவர்களை எந்த நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வது? அப்போது யாக்கோபு எடுத்துக்காட்டியது, விழுந்த தாவீதின் கூடாரம் எழும் என்ற ஆமோசின் வாக்கை. அது எழுவதே மற்ற இனத்தாரும் இறைவனைத் தேடி உள்ளே வரத்தான் என்று அவர் விளக்கினார். ஓர் அரச குடும்பத்துக்குச் சொன்ன வாக்கின் கதவு அன்று எல்லா இனத்தாருக்கும் திறந்தது.

பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்திருக்கிறார். நான் அவனுக்குத் தந்தை, அவன் எனக்கு மகன் என்பது தாவீதுக்குக் கிடைத்த வாக்கு. பவுல் அந்த ஒருமையைப் பன்மையாக்கி, கூடவே ஒரு சொல்லையும் சேர்க்கிறார்: மகள்கள். அரியணைக்கு வாரிசாக ஒரு மகனை மட்டும் எண்ணிச் சொன்ன வாக்கு, துறைமுக நகரத்தின் சாதாரண மனிதர்களுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும் உரியதாகிறது. இறைவன் கட்டுவதாகச் சொன்ன வீடு இதுதான் என்று கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பேதுருவின் பெயரில் உள்ள கடிதம் அவர்களை உயிருள்ள கற்கள் என்றே அழைக்கிறது.

வீடு வாங்குவது நம் வாழ்நாள் கனவு. மலேசியாவில் 35 ஆண்டுவரை கடன் கட்டுகிறோம். சிங்கப்பூரில் வீவக வீட்டுக்கு 99 ஆண்டுக் குத்தகை. கட்டடத்துக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு முடிவும் உண்டு. சாலொமோனின் கோயில் எரிந்தது. செருபாபேல் எழுப்பிய கோயிலை ஏரோது அரசன் விரிவாக்கிக் கட்டினான், கி.பி. 70இல் ரோமானியர்கள் அதையும் இடித்தார்கள். மூன்று தலைமுறைக்கு முன் நம் குடும்பம் குடியிருந்த தோட்டத்து லயம் இன்று பல இடங்களில் இல்லை. ஆனாலும் அந்த வீட்டு மனிதர்கள் நாம் இருக்கிறோம்.

நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இந்தப் பழைய வாக்குறுதியில் பெற்றோர் அனைவருக்கும் பழக்கமான ஒன்று இருக்கிறது. பிள்ளை தவறும்போது கண்டிக்கத்தான் வேண்டும். கண்டித்த அன்று இரவு அவன் சாப்பிட்டானா என்று கேட்கவும் வேண்டும். மதிப்பெண் குறைந்த மகனிடம், நாம் விரும்பாத வழியில் போய்விட்ட மகளிடம், "தப்பு தப்புதான், ஆனால் இது உன் வீடு" என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் வீடு நிற்கிறது.